கோபுரமே முத்திரை

லண்டன் பிஷப்ஸ்கேட் தெருவில், நேஷனல் ப்ராவின்ஷியல் வங்கிக்காக ஜான் கிப்சன் வடிவமைத்து 1865-இல் எழுந்த கூடம் இன்றும் நிற்கிறது. அதன் கூரையோரத்தில் சிலை வரிசை: மான்செஸ்டர், பர்மிங்ஹாம், வேல்ஸ் எல்லாம் மனித உருவில். வங்கி எங்கெங்கே வேர்விட்டது என்பதைத் தெருவில் போகிறவருக்கும் சொல்லும் கல்மொழி அது. அருகே 1981-இல் திறக்கப்பட்ட, ரிச்சர்ட் சைஃபர்ட்டின் 183 மீட்டர் கோபுரமோ வெறும் எஃகும் கண்ணாடியும், சின்னமே இல்லாத மொட்டைக் கட்டடம் என்பது பலர் குறை. அது சரியில்லை. வானிலிருந்து பார்த்தால், மூன்று கோணப்பட்டைகள் அறுகோணமாய்க் கூடுவது தெரியும். அது அப்படியே, கோபுரத்தைத் தனக்காகக் கட்டிய நாட்வெஸ்ட் வங்கியின் இலச்சினை. வீட்டு முகடு போன்ற அந்தக் கோணப்பட்டையும், ஐரோப்பியப் பிரபுக்களின் கேடயங்களில் பல நூற்றாண்டுகளாக இருந்ததுதான்!

இந்த ஒற்றுமை தற்செயல் என்பாரும் உண்டு. தற்செயலோ திட்டமோ, ஊர் அதைச் சின்னமாகவே வாசிக்கிறது. பறவைக்கு மட்டும் தெரியும் முத்திரையால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்விதான் கனமானது. இங்கே பழைய கூடத்துக்கே என் வாக்கு. அது நடந்து போகிறவரோடு பேசுகிறது. ஆனால் புதியதற்குப் பேச்சே இல்லை என்று தள்ளிவிட முடியாது. வங்கி வெளியேறியது, பெயர்ப்பலகை இறங்கியது, தரைப்படத்தை யாராலும் கழற்ற முடியவில்லை. இப்போது அந்தக் கோபுரத்தின் பெயர் டவர் 42. கிப்சனின் கூடம் விருந்து விழாக்களுக்கு வாடகைக்குக் கிடைக்கிறது.