நம் வண்டி, நம் கை – 9: இறுக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு

சென்ற வாரம் இஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு, டிரெயின் போல்ட்டைத் திரும்பப் பூட்டும் இடத்தில் நிறுத்தியிருந்தேன். அந்த ஒரு போல்ட்டுக்குத் தனி வாரம் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலில் கூட்டம் சேருமுன் வண்டியைத் தயார் செய்துவிட நினைத்தேன். வீட்டு வாசலில் என் ஹோண்டா ஈஎக்ஸ்5-க்கு எண்ணெய் மாற்றினேன். ஒரு சொட்டும் ஒழுகக்கூடாதென்று நீள ஸ்பேனரை மாட்டி, மூச்சைப் பிடித்து இழுத்தேன். இறுகிக்கொண்டே வந்த போல்ட் சட்டென்று இளகிச் சுழன்றது. கழற்றிப் பார்த்தால், அதன் மரையில் வெள்ளிச் சுருளாக அலுமினியம் சுற்றிக்கிடந்தது. இஞ்சினின் மரையே உரிந்து வந்துவிட்டது. பட்டறை மெக்கானிக்கான போமன்தான் ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, கம்பிச் சுருள் பொருத்திக் காப்பாற்றினார்.

1958-இல் லோ பூன் சியூ ஹோண்டாவைக் கொண்டுவந்த நாள் முதல் பினாங்கு, கப்சாய் என்னும் சிறு மோட்டார் சைக்கிள்களின் ஊர். தினமும் பத்து வண்டி பார்க்கும் போமனின் கைக்கு இறுக்கும் அளவு பழகியிருக்கும். மாதம் ஒருமுறை ஸ்பேனர் பிடிக்கும் நம் கைக்கு அது தெரியாது.

போல்ட் எப்படிப் பிடிக்கிறது? இறுக்கும்போது அது மயிரிழையளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுப்புதான் பாகங்களை அழுத்திப் பிடிக்கிறது. இழுப்பு குறைந்தால் அதிர்விலே கழலும்; மிஞ்சினால் போல்ட் மீளாமல் நீண்டுவிடும், அல்லது மென்மையான அலுமினிய மரையை உரித்துவிடும். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறையும். அதே முறுக்கு போல்ட்டைக் கூடுதலாக இழுத்துவிடும். ஆகவே, கையேடு எண்ணெய் பூசச் சொல்லாத இடங்களில் மரையைத் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

ஹோண்டாவின் பொது அளவு இது: 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8-க்கு 22, 10-க்கு 34, 12-க்கு 54. டிரெயின் போல்ட்டும் 12 மி.மீ.தான், ஆனால் சிறிய ஹோண்டாக்களில் அதற்கு 24 போதும். அது சுமை தாங்குவதில்லை. வாஷரை நசுக்கி எண்ணெயை அடைத்தால் போதும். போல்ட்டின் தடிமன்தான் அன்று என் கையை ஏமாற்றியது. 25 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் சுமார் 10 கிலோ எடை தொங்கினால் என்ன முறுக்கோ, அவ்வளவே 24 நியூட்டன் மீட்டர்.

புது வாஷர் போடுங்கள். முதல் சுற்றுகளை விரலால் மட்டுமே திருகுங்கள். விரலுக்கு வராத மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். பிறகு, முறுக்கை அளக்கும் டார்க் ரென்ச்சை அந்த அளவுக்கு வைத்து அவசரமின்றி இழுங்கள். 'கிளிக்' கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள். இன்னொரு இழுப்பு பாதுகாப்பு அல்ல. அன்று என் மரையைத் தின்றதே அதுதான்.

அடுத்த வாரம் சங்கிலியும் பின்சக்கர அச்சு நட்டும். அங்கே தளர்வுதான் எமன். பினாங்கு இரண்டாம் பாலத்தின் 24 கிலோமீட்டரைக் கடல்காற்றில் கடப்பவர்கள் அவசியம் படியுங்கள்.