ஒற்றைச் சக்கரமும் மழை நாளும்

பகாங் மாநிலத்தின் கேமரன்மலையில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே சாலையோரம் அமைந்த சிற்றூர் கோலா தெர்லா. ஓர் ஆறு மற்றோர் ஆற்றிலோ கடலிலோ கலக்கும் இடத்தை மலாய்மொழியில் 'கோலா' என்பர். தெர்லா ஆற்றின் பெயர் ஊருக்கும் நிலைத்துவிட்டது. சுற்றிலும் மலைச்சரிவுகளில் காய்கறித் தோட்டங்கள்; அவற்றுக்கு அப்பால் கேமரன்மலைக்குப் பெயர் வாங்கித் தந்த தேயிலைத் தோட்டங்கள். காலையில் வெயில் அடிக்கும். நண்பகல் கடந்ததும் முகில் இறங்கும். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தில் பல நாள்களில் மழை பிடித்துக்கொள்ளும். கேமரன்மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அது மேலும் வலுக்கும்.

இத்தகைய ஊரில் ஒருவர் ஒற்றைச் சக்கர மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு இடையூறுகள் உண்டு. மலைநாட்டில் சமதரை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் மழை குறுக்கிடும். இரண்டு நாள் பழகி மூன்று நாள் நிறுத்தினால், கற்றது மறந்துவிடாதா? மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருப்பதுதான் நல்லதா? இவ்வினாக்களுக்கு விடை காண, அந்த வண்டி எப்படி நிற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஓர் இருக்கை, அதைத் தாங்கும் கவை, ஒரு சக்கரம், இரண்டு மிதிகட்டைகள். வண்டி அவ்வளவுதான். கைப்பிடி இல்லை, சங்கிலி இல்லை, பழகுவோரின் வண்டியில் பிரேக்கும் இல்லை. மிதிகட்டைகளின் தண்டுகள் சக்கரத்தின் அச்சிலேயே நேராகப் பொருத்தப்பட்டிருக்கும். எனவே, கால் சுழன்றால் சக்கரம் சுழலும். கால் நின்றால் சக்கரமும் நிற்கும். பின்னோக்கி மிதித்தால் வண்டி பின்னோக்கிப் போகும். சாதாரண மிதிவண்டியில் மிதிப்பதை நிறுத்திவிட்டு, காற்று வாங்கியபடி மேட்டிலிருந்து இறங்கலாம். இதில் அந்தச் சலுகை கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் பெரிய முன்சக்கரமும் மிகச் சிறிய பின்சக்கரமும் கொண்ட மிதிவண்டிகள் ஓடின. திடீரென வேகம் குறைந்தால் அவற்றின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். அப்படி முன்சக்கரத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்தவர்களிடமிருந்தே ஒற்றைச் சக்கர வண்டி பிறந்தது எனக் கருதப்படுகிறது.

இவ்வண்டியின் சமநிலையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு துடைப்பக் கம்பை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். கையை அசையாமல் வைத்திருப்பவரிடம் கம்பு நிற்காது. கம்பு வலப்பக்கம் சாய்ந்தால் கையும் வலப்பக்கம் ஓட வேண்டும். முன்னால் சாய்ந்தால் கையும் முன்னால் போக வேண்டும். சாய்வை எதிர்த்து இழுக்காமல், சாயும் பக்கமே சென்று அதற்கு அடியில் நின்றுகொள்வதுதான் இதன் நுட்பம். அறிவியலில் இதைத் 'தலைகீழ் ஊசல்' என்பர். இன்னொன்றையும் கவனிக்கலாம். கம்பின் நுனியைப் பார்த்தால் அது நெடுநேரம் நிற்கும். உள்ளங்கையைப் பார்த்தால் உடனே விழும்.

ஒற்றைச் சக்கரத்தில் சக்கரமே உள்ளங்கை. ஓட்டுபவரின் உடலே கம்பு. உடல் முன்னால் சாயும்போது சற்று வேகமாக மிதித்தால் சக்கரம் உடலுக்கு அடியில் வந்துவிடும். உடல் பின்னால் போனால் மிதியைத் தளர்த்த வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் இடுப்பைத் திருப்பிச் சக்கரத்தைச் சாயும் பக்கம் செலுத்த வேண்டும். நன்கு பழகியவர் அசையாமல் அமர்ந்திருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அவரும் ஓயாமல் விழுந்துகொண்டும் ஓயாமல் தம்மைத் தாங்கிக்கொண்டும்தான் போகிறார். ஒவ்வொரு சாய்வும் பெரிதாவதற்கு முன்பே அதைத் திருத்திவிடுகிறார். உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்களும் கண்களும் பாதத்தின் உணர்வும் சாய்வைத் தெரிவிக்கின்றன. சிறுமூளை அவற்றைத் தொகுத்துத் தசைகளின் அசைவைச் சீராக்குகிறது. புதிதாகக் கற்பவருக்கும் இவை எல்லாம் உண்டு. திருத்தம்தான் சற்றுத் தாமதமாக வருகிறது.

அந்தத் தாமதத்துக்கு அச்சமும் ஒரு காரணம். விழுந்துவிடுவோமோ என்று அஞ்சுபவர் தம்மை அறியாமல் பின்னால் சாய்கிறார். உடனே சக்கரம் முன்னால் பாய்ந்து, அவரைப் பின்புறமாகத் தள்ளுகிறது. எதற்கு அஞ்சினாரோ அதுவே நடக்கிறது. முன்பக்கம் சாய்ந்து வண்டியை விட்டு இறங்குபவரோ பெரும்பாலும் இரு கால்களையும் தரையில் ஊன்றி நின்றுவிடுவார். முன்னால் கைப்பிடியோ சட்டமோ இல்லாததால் அவரைத் தடுக்க எதுவும் இல்லை. ஆகவே, ஓட்டுவதற்கு முன்பே முன்பக்கமாக இறங்கப் பழக வேண்டும். தலைக்கவசம், முழங்கால் காப்பு, மணிக்கட்டுக் காப்பு ஆகியவற்றை அணிய வேண்டும். காலணியின் கயிற்றைக் கட்டி உள்ளே செருகிவிட வேண்டும்; அது மிதிகட்டைத் தண்டில் சுற்றிக்கொண்டால் இறங்கவே முடியாது.

பயிற்சி ஒரு சுவரின் ஓரத்திலோ கம்பிவேலியின் ஓரத்திலோ தொடங்கும். இருக்கையின் உயரத்தைச் சரிசெய்து, கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி நிலைகளில் மிதிகட்டைகள் இருக்குமாறு ஏறி அமர வேண்டும். உடல் எடையின் பெரும்பகுதி இருக்கையில் இருக்க வேண்டும். மிதிகட்டைகளில் எழுந்து நிற்பது புதியவர்கள் பலர் செய்யும் தவறு. அதனால் தொடை விரைவில் களைத்துவிடும். முதல் இலக்கு அரைச் சுற்று. மிதிகட்டைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வரும் இடத்தில் கால்களுக்கு வலு கிடைக்காது. அங்கேதான் வண்டி திணறும். அதைக் கடந்தால் ஒரு சுற்று. பிறகு மூன்று, ஐந்து. ஒரு நாள் சுவரை விட்டு ஐந்து மீட்டர் போய்விட்டதை ஓட்டியவரே வியப்போடு திரும்பிப் பார்ப்பார். 1982இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஒற்றைச் சக்கர மிதிவண்டிக் கூட்டமைப்பு, திறன்களைப் பல நிலைகளாக வகுத்துள்ளது. அவற்றுள் முதல் நிலையை எட்ட, பிறர் துணையின்றி ஏறி, 50 மீட்டர் ஓட்டி, ஒழுங்காக இறங்க வேண்டும். படிக்க எளிதாகத் தோன்றும் இதற்கே பலருக்குப் பத்துப் பதினைந்து மணி நேரப் பயிற்சி தேவைப்படுகிறது.

இதைச் சர்க்கஸ் வித்தை என்று ஒதுக்கிவிடாத நாடு ஜப்பான். அங்கு 1978இல் ஒற்றைச் சக்கர மிதிவண்டிச் சங்கம் உருவானது. 1989இல் கல்வி அமைச்சு திருத்தியமைத்த பாடத்திட்டத்தில், தொடக்கப்பள்ளி மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களின் உடற்கல்வியில் இவ்வண்டி இடம்பெற்றது. பல பள்ளிகளில் திடலோரத்தில் இவ்வண்டிகள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு, திடலில் உள்ள இரும்புக் கம்பிகளைப் பிடித்தபடி ஓட்டிப் பழகுவர். மணி அடித்ததும் விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவர். அந்தக் குறுகிய நேரத்தின் சிறப்பு சற்றுப் பின்னர் விளங்கும்.

பிள்ளைகளுக்குச் சரி, வளர்ந்தவர்களால் முடியுமா? ஒற்றைச் சக்கரத்தில் இல்லாவிட்டாலும் இரு சக்கரத்தில் இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய சான்று உண்டு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியில் இறங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகுவதையும் அப்பணியோடு இணைத்தார். வயலிலும் கல்குவாரியிலும் உழைத்தவர்கள், செவிலியர்கள், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள், வயது வந்த பிறகு முதன்முறையாக மிதிவண்டியில் ஏறினர். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது குறுக்குச் சட்டம் உள்ள ஆண்களின் வண்டிகளிலேயே பழகினர். குழந்தையை அந்தச் சட்டத்தில் உட்கார வைக்கலாம் என்று அவ்வண்டிகளையே விரும்பியோரும் உண்டு. அவர்களைத் தடுத்து வந்தது வயதன்று. ஊர் என்ன சொல்லுமோ என்ற தயக்கம். பலர் ஒன்றாகக் கூடிப் பழகியபோது அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இனி மழை. பயிற்சியை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது குறித்துப் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்கள் தட்டச்சு விசைப்பலகையைக் கற்க வேண்டியிருந்தது. பேட்லி, லாங்மன் என்னும் இரு ஆய்வாளர்கள் அவர்களைக் குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியது. இன்னொரு குழு நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மணி நேரம் பழகியது. 1978இல் வெளியான முடிவு வியப்பைத் தந்தது. விசைப்பலகையைக் கற்க, ஒரு மணி நேரக் குழுவுக்குத் தேவைப்பட்டது மொத்தம் 35 மணி நேரம் அளவிலான பயிற்சி. நான்கு மணி நேரக் குழுவுக்கோ ஏறத்தாழ 50 மணி நேரம் தேவைப்பட்டது. ஆயினும், ஒரு மணி நேரக் குழுவினரே தங்கள் கால அட்டவணையைப் பற்றி அதிகம் குறைபட்டுக்கொண்டனர். நாள்கணக்கில் பார்த்தால் தாங்கள் பின்தங்கியதாக அவர்களுக்குத் தோன்றியது.

தட்டச்சு வேறு, சமநிலை வேறுதான். எனினும், உடல் கற்கும் பல திறன்களில் இடைவெளி விட்ட பயிற்சி நன்கு நிலைப்பதை வேறு ஆய்வுகளும் காட்டியுள்ளன. பயிற்சி முடிந்த பின்னரும், குறிப்பாக உறக்கத்தில், மூளை கற்றதை உறுதிப்படுத்திக்கொள்கிறது. நேற்று வராத அரைச் சுற்று இன்று தானாக வருவது அதனால்தான். ஆகவே, ஒரு நாள் மழையால் பயிற்சி நின்றால் இழப்பு ஒன்றும் இல்லை. இழப்பு வருவது, மழைக்குப் பயந்து வாரக்கணக்கில் வண்டியைத் தொடாமல் விடுவதாலும், வெயில் கண்ட நாளில் விட்டதையெல்லாம் பிடிக்க நினைத்து மூன்று மணி நேரம் விடாமல் மிதிப்பதாலும்தான். ஜப்பானியப் பிள்ளைகளின் இடைவேளைப் பயிற்சி இங்கே நினைவுக்கு வரும்.

மழை நாளில் பதினைந்து நிமிடத்துக்குப் பெரிய இடம் வேண்டியதில்லை. கூரை போட்ட பூப்பந்துத் திடல், பள்ளி மண்டபம், அனுமதி கிடைத்தால் பள்ளியின் நீண்ட தாழ்வாரம் போதும். தாழ்வாரத்துக்கு இரு பக்கமும் சுவரோ கம்பியோ இருக்கும் என்பதால் தொடக்கநிலையினருக்குத் திறந்த திடலைவிட அதுவே ஏற்றது. ஏறுவது, இறங்குவது, ஒரே இடத்தில் அரைச் சுற்று முன்னும் பின்னும் ஆடுவது ஆகியவற்றை அங்கேயே பழகலாம். மழைச்சாரல் அடித்து நனைந்த வழவழப்பான தரையை மட்டும் தவிர்க்க வேண்டும்.

நனைந்த தரையில் ஏன் வழுக்குகிறது? சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் புகுந்து உராய்வைக் குறைக்கிறது. சாலையில் வெள்ளைச் சாயம் பூசிய கோடுகள், சாக்கடை மூடிகள், பாசி படிந்த சிமெண்டுத் தளம், தோட்டங்களிலிருந்து அடித்து வரப்பட்ட செம்மண் ஆகியவை மழையில் மேலும் வழுக்கும். இரு சக்கரங்களில் ஒன்று சற்று நழுவினாலும் மற்றொன்று தாங்கக்கூடும். ஒற்றைச் சக்கரம் நழுவினால் திருத்துவதற்கு வேறு சக்கரம் இல்லை. ஈரக் காலணி மிதிகட்டையிலிருந்து வழுக்குவதும் இத்தகைய ஆபத்துதான். கேமரன்மலையின் சரிவான சாலைகள் வெயில் நாளிலும் புதியவர்களுக்கு ஏற்றவை அல்ல. இறக்கத்தில் வண்டியைத் தடுப்பது ஓட்டுபவரின் கால்கள் மட்டுமே. காய்கறி ஏற்றிய லாரிகள் வளைவில் திரும்பும்போது ஒதுங்குவதற்கு நேரம் இருக்காது.

மூடுபனியின் தீங்கு வேறு வகையானது. கம்பின் நுனியைப் பார்ப்பதுபோல், ஒற்றைச் சக்கரத்தில் செல்பவர் தொலைவில் உள்ள ஒரு மரத்தையோ கம்பத்தையோ பார்க்க வேண்டும். பனி மூடியதும் அந்த மரம் மறைகிறது. பார்வை தானாகச் சக்கரத்துக்கு இறங்குகிறது. உடலும் கூடவே குனிகிறது. குளிரில் தசைகள் இறுகியிருப்பதால் ஏறுவதற்கு முன் சிறிது ஓடி உடலைச் சூடேற்றிக்கொள்வது நல்லது. இடி கேட்டால் பேச்சே இல்லை. திடலை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும்.

மழைக்கும் குளிருக்கும் வழிவிடுவது தொடக்கநிலையினருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் எட் பிராட், 2015 மார்ச்சில் தம் ஊரிலிருந்து ஒற்றைச் சக்கர மிதிவண்டியில் கிளம்பி, 2018 ஜூலையில் உலகைச் சுற்றித் திரும்பினார். வண்டியில் அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 33,000 கிலோமீட்டர். மலைகள் சூழ்ந்த கிர்கிஸ்தானைக் குளிர்காலம் நெருங்கியபோது அவர் பனியோடு போட்டியிடவில்லை. அங்கேயே பல மாதங்கள் தங்கி, பருவம் மாறிய பிறகே மீண்டும் ஏறினார்.

நனைந்த வண்டியை அப்படியே மூலையில் சாய்த்து வைக்கக்கூடாது. மலைக்காற்றின் ஈரத்தில் துரு விரைவில் ஏறும். முதலில் துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் உலர்த்த வேண்டும். அதன் பிறகு மிதிகட்டைகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வலப்பக்க மிதிகட்டை வழக்கம்போல் கடிகார முள் சுற்றும் திசையில் இறுகும். இடப்பக்க மிதிகட்டை எதிர்த்திசையில் இறுகும். கால் மிதிக்க மிதிக்க மிதிகட்டை கழன்றுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. வண்டிக்கு முன்பக்கம், பின்பக்கம் தெரியாமல் இருக்கையை மாற்றிப் பொருத்தி ஓட்டினால் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடும். இரண்டு மிதிகட்டைகளும் சிறிது சிறிதாகத் தளர்ந்து, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கழன்று விழும். தண்டுகளில் 'இடம்', 'வலம்' என்பதைக் காட்ட ஆங்கில எழுத்து ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். ஏறுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நொடி போதும்.