பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ்: விண்ணப்பம் திரும்பினால் என்ன செய்வது?

கல்வராயன் மலை வெள்ளிமலையில் இருப்பவரானாலும் கள்ளக்குறிச்சி நகரவாசியானாலும், ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஒரே மாதிரி இருந்தும் 'பெயர் பொருந்தவில்லை' என்று விண்ணப்பம் திரும்பி வரலாம். எழுத்துப்பிழையும் இனிஷியல் இடம் மாறுவதும் நமக்குத் தெரிந்த காரணங்கள். பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் ஸ்பேஸ் கண்ணுக்குத் தெரியாத காரணம்.

எப்படி வருகிறது?

தரவுத்தளத்தில் 'சார்' என்பது நிலையான நீளம் கொண்ட வகை. 20 இடம் ஒதுக்கி, அதில் வெள்ளிமலை என்பதை ஆங்கிலத்தில் 10 எழுத்தாகப் பதிந்தால், மீதி 10 இடத்தையும் கணினியே ஸ்பேஸால் நிரப்பும். 'வார்சார்' வகை கொடுத்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் இந்த இரண்டு வகைகளையும் நேரடியாக ஒப்பிட்டால் கடைசி ஸ்பேஸ்களும் கணக்கில் வரும்; ஒரே பெயர் இரண்டு பெயராகிவிடும். இரண்டும் 'சார்' வகையாக இருந்தால் பொருந்திவிடும்.

தமிழில் பதிந்தால் இன்னொரு ஆபத்து. யூடிஎஃப்-8 முறையில் 'வெள்ளிமலை' 27 பைட் பிடிக்கும். 20 பைட் மட்டும் ஒதுக்கிய இடத்தில் அது அடங்காது.

மக்கள் செய்ய வேண்டியவை

அவசரப்பட்டு ஆதாரில் பெயரை மாற்றாதீர்கள். வாழ்நாளில் பொதுவாக இரண்டு முறைதான் பெயர் திருத்த முடியும். பிழை எந்தப் பதிவில் இருக்கிறது என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். அரசு அலுவலகம் சொல்ல மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

பிழை ஆதாரிலேயே இருந்தால், ஆதார் சட்டம் 2016-இன் 31-ஆம் பிரிவு திருத்தம் கோர வழி தருகிறது. உதவி எண் 1947. மாநில அரசுச் சேவை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100, அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

இ-சேவை மையத்தாரும் மென்பொருள் எழுதுவோரும்

பெயரை வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டாமல் தட்டச்சு செய்யுங்கள். கட்டத்துக்குள் 'எண்ட்' பொத்தானை அழுத்துங்கள். கர்சர் கடைசி எழுத்தைவிட்டுத் தள்ளி நின்றால் அங்கே ஸ்பேஸ் இருக்கிறது, அழித்துவிடுங்கள்.

மென்பொருள் எழுதுவோர் பெயர் உள்ளே வரும்போதே முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸை நீக்க 'டிரிம்' செய்ய வேண்டும். ஒப்பிடும்போது இருபுறத்தையும் ஒரே வகைக்குக் கொண்டுவர வேண்டும். ஆரக்கிளில் வெறும் 'டிரிம்' சாதாரண ஸ்பேஸை மட்டுமே நீக்கும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது வரும் உடையா ஸ்பேஸை (நான்-பிரேக்கிங் ஸ்பேஸ்) தனியாக நீக்க வேண்டும். பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தொடக்கூடாது. 'பொருந்தவில்லை' என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கட்டத்தில் என்ன வேறுபாடு என்பதையும் திரையில் காட்டுங்கள்.

100 நாள் வேலைக் கூலியை ஆதார் வழியே செலுத்தும் முறை 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. பதிவு பொருந்தாவிட்டால் உழைத்த கூலியே நின்றுபோகலாம். கணினி தானாகச் சேர்த்த ஸ்பேஸுக்காக மலையிலிருந்து ஒருவர் கூலி வேலையை விட்டுவிட்டுப் பேருந்தேறி அலைவது அநியாயம். அதைச் சரிசெய்யும் பொறுப்பு பதிவை வைத்திருக்கும் அலுவலகத்துடையது. அந்தத் திருத்தத்தைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.