மைதானத்தின் பெருமை எது?

நமது தேசத்தில் மிகப் பெரிய விளையாட்டரங்கம் எது என்று வாலிபர்கள் வாதிப்பதை அடிக்கடி கேட்கிறோம். விடை எளிது. பஞ்சாலைகளால் பேர் பெற்ற ஆமதாபாத்தில், மோட்டேராவில் 1983-ல் எழுந்து, பின்னர் இடித்துக் கட்டப்பெற்று 2020-ல் திறக்கப்பட்ட அரங்கில் 1,32,000 பேர் அமரலாம். கிரிக்கெட் உலகில் ஒரு லட்சம் பேர் கொள்ளும் மெல்போர்ன் மைதானமும் அதற்கு அடுத்தபடியேயாகும்.

கல்கத்தாவின் சரித்திரமோ வேறு. அங்குள்ள சால்ட் லேக் அரங்கில் 1997-ல் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகளின் கால்பந்துப் பந்தயத்தை 1,31,000-க்கு மேற்பட்டோர் கண்டனர். இன்று அதன் கொள்ளளவு அதைவிட மிகக் குறைவு. பெஞ்சுகளில் நெருக்குண்டிருந்த ஜனங்களுக்குத் தனித்தனி ஆசனம் அளித்தால் தொகை குறையத்தானே செய்யும்? இது சிறுமையன்று, மக்களுக்குக் காட்டிய மரியாதை. நமது சேப்பாக்கத்தில் ஏறக்குறைய 38,000 இடங்களே உள்ளன. ஆயினும் 1934 முதல் டெஸ்ட் பந்தயம் கண்ட அதன் கீர்த்தி குன்றிவிட்டதா?

நிற்க. பனியன் நகரமாகிய திருப்பூரின் நிலை யாது? தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 2025-ம் ஆண்டுக் கோப்பையை வென்றது திருப்பூர் தமிழன்ஸ் அணி. ஆனால் அவ்வாண்டு பந்தயங்கள் நடைபெற்றவை கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய நான்கு ஊர்களில். திருப்பூரில் ஒன்றேனும் இல்லை. பேர் நம்முடையது, ஆடிய மண் பிறருடையது!

ஆகவே இங்கும் லட்சம் பேர் அமரும் அரங்கம் எழ வேண்டுமென்பது நமது கோரிக்கையன்று. மோட்டேராவில் பார்ப்போர் 1,32,000, ஆடுவோர் இருபத்திருவர். நாம் கவலைப்படுவது ஆட இடமின்றித் தவிப்போரைப் பற்றியே. ஒன்றரை ஷிப்டு நின்று உழைக்கும் கட்டிங் மாஸ்டரும், டெய்லரும், செக்கிங் செய்யும் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கே செல்வார்கள்? உலகோர் ஓடியாடி விளையாட உடை தைத்துக் கொடுப்பவனுக்குத் தான் ஓட ஒரு திடல் வேண்டாமா?

வார்டுக்கு ஒரு திடல், அதில் ஒரு விளக்கு, பெண்களும் அச்சமின்றி வர ஒரு காவல். பள்ளி மைதானங்களை மாலையில் திறந்து விட்டாலே பாதிக் காரியம் கைகூடும். கோடிகள் வேண்டியதில்லை; மனம் வேண்டும். நகராண்மையினரும் முதலாளிகளும் இதனைச் சிந்திப்பார்களாக. ஒரு நகரத்தின் விளையாட்டுப் பெருமையை நாற்காலிகளை எண்ணி அளப்பதைவிட, மாலையில் வியர்க்கும் வாலிபர்களை எண்ணி அளப்பதே நியாயம்.