புத்தளக் கரையோரத்துப் பெருவிழாக்கள்

விழா என்பது ஊரார் ஒருங்கு கூடி மகிழும் நாள் என்ற அளவிலேயே பலரும் கருதுவர். ஆயின் ஓர் ஊரின் விழா எத்திங்களில் நிகழ்கின்றது, எவ்விடத்தில் நிகழ்கின்றது, அதற்கு வருவோர் யாவர் என்னும் மூன்று வினாக்களை எழுப்பி விடை காண முயல்வோர்க்கு, அவ்வூரின் நிலமும் தொழிலும் வரலாறும் ஒருங்கே விளங்கும். இவ்வகையில் ஆராய்தற்குப் பெரிதும் ஏற்றது புத்தள மாவட்டத்தின் கடற்கரை. தெற்கே மகா ஓயா முதல் வடக்கே மோதரகம் ஆறு வரை நீண்டு கிடக்கும் இக்கரையிற் சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள், பௌத்தர் ஆகிய நால்வகைச் சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இவர்தம் விழாக்களுள் முதன்மையானவை மூன்று: உடப்புத் திரௌபதையம்மன் ஆலயத் தீமிதிப்பு, முன்னேசுவர மகோற்சவம், தலவில் புனித அன்னம்மாள் திருவிழா. இம்மூன்றும் யூலைத் திங்களுக்கும் செப்தெம்பர்த் திங்களுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்திலேயே நிகழ்கின்றன என்பது கருதத்தக்கது. வெவ்வேறு சமய நூல்களையும் வெவ்வேறு நாட்காட்டிகளையும் பின்பற்றும் விழாக்கள் இவ்வாறு ஒரு பருவத்தில் வந்து கூடுவதன் பொருள் யாது?

விடையை முதற்கண் கடலிடத்தே தேடுதல் வேண்டும். இலங்கையின் மேற்குக் கரைக்கு ஆண்டு இருகூறாகப் பிரிந்து நிற்கின்றது. ஏறக்குறைய ஒக்தோபர் முதல் ஏப்பிரில் வரை இக்கடல் அடங்கிக் கிடக்கும்; மே முதல் செப்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மோதுதலால் அலை கொந்தளிக்கும். சோழகம் என்றும் கச்சான் என்றும் கரையோர மக்கள் வழங்கும் காற்றுக்கள் வீசும் காலம் இதுவே. கரைவலை இழுப்போர்க்கு அமைதியான கடல் இன்றியமையாதது. தோணியிலே வலையை ஏற்றிச் சென்று, அரைவட்டமாக வளைத்திட்டு, இருமருங்குங் கயிற்றைப் பலர் கூடிக் கரையினின்று இழுக்கும் அத்தொழில், அலை மிகுந்த காலத்தில் நடைபெறுதல் அரிது. ஆதலின் மேற்குக் கரை மீனவருட் பலர் அப்பருவத்திற் கிழக்குக் கரைக்குச் சென்று தொழில் புரிவதும், ஏனையோர் வலை பொத்திக்கொண்டு ஊரிலிருப்பதும் நெடுங்கால வழக்கமாயின.

கடலை அடைக்கும் அதே காற்று நிலத்துக்கு வேறொரு பயனைத் தருகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் பெருமழை பொழிவது. புத்தளப் புறத்திலோ அது பெரும்பாலும் வறண்ட காற்றாகவே வீசும். உப்பளங்களில் உப்பு விளைவதற்கு இவ் வெயிலும் காற்றுமே துணை. வயற்புறங்களிற் சிறுபோக வேளாண்மை முடிவுறும் காலமும் இதனை ஒட்டியதே. மீனவர்க்கு ஓய்வு, உழவர்க்கு அறுவடை, வழிநடைக்கு உலர்ந்த நிலம், இரவிலே திறந்த வெளியிற் படுத்துறங்குதற்கு மழையற்ற வானம் ஆகிய நான்கும் ஒருங்கு வாய்க்கும் பருவம் ஆண்டில் இஃதொன்றே.

காற்றே விழாவை உண்டாக்கியது என்று இதனாற் கூறுதல் பொருந்தாது. விழா நாளைக் குறிப்பது அவ்வச் சமய மரபே. எனினும் விழா பெருவிழாவாக வளர்வதற்குப் பருவமே துணைநின்றது எனலாம். தலவிலில் ஆண்டுதோறும் திருவிழாக்கள் இரண்டு நிகழ்கின்றன. ஒன்று மார்ச்சுத் திங்களில் வருவது. மற்றையது யூலை இறுதியிலும் ஆகஸ்ட் முற்பகுதியிலும் வருவது. ஆலயமும் வழிபடு புனிதையும் ஒன்றாயினும், மக்கள் வெள்ளம் மிகுதியாகத் திரள்வது பிந்தியதற்கே. முன்னேசுவரத்திலும் மாசிச் சிவராத்திரியும் புரட்டாதி நவராத்திரியும் சிறப்புற நிகழினும், ஆவணியை ஒட்டி வரும் மகோற்சவமே நாடறிந்த பெருவிழா.

இனி, இம்மூன்றையும் தனித்தனியே நோக்குவோம்.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த மணற்பரப்பில் அமைந்தது உடப்பு. தம் முன்னோர் இராமநாதபுரக் கரையினின்றும் வந்து குடியேறினர் என்பது அவ்வூரார் போற்றும் மரபுச் செய்தி. அங்குள்ள ஆலயத்தில் உருக்குமணி சத்தியபாமா சமேதராகப் பார்த்தசாரதிப் பெருமாளும் திரௌபதையம்மனும் எழுந்தருளியிருக்கின்றனர். ஆடித் திங்களிற் பதினெட்டு நாள் நிகழும் விழா, பதினெட்டு நாட் பாரதப் போரை நினைவூட்டுவது. பாண்டவர் வரலாற்று நிகழ்ச்சிகள் சில சடங்காக நடித்துக் காட்டப்பெறும். நோன்பிருந்த அடியார் தணற்குழியில் இறங்கி நடக்கும் தீமிதிப்பு, விழாவின் முடிமணி. இத்தகைய வழிபாடு உடப்புக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டிற் செஞ்சிப் புறத்திலும், ஈழத்தின் கிழக்கே பாண்டிருப்பிலும் திரௌபதை வழிபாடு வேரூன்றியுள்ளது. எனினும் உடப்பிலே கண்டு உணரத்தக்க தனிச்சிறப்பு ஒன்றுண்டு. ஓர் இதிகாசம் நூலகத்து ஏட்டில் மட்டும் உறங்காது, கடற்றொழில் புரியும் ஓர் ஊரார் ஆண்டுதோறும் தம் உடலாலும் நோன்பாலும் வாழ்ந்து காட்டும் கதையாக அங்கே நிற்கின்றது.

கொழும்பினின்று ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வடக்கே உள்ள சிலாப நகருக்கு அணித்தே அமைந்தது முன்னேசுவரம். ஈழத்தின் ஈசுவரத் தலங்கள் ஐந்தனுள் ஒன்றாகச் சைவர் இதனைப் போற்றுவர். முன்னைநாதர் வடிவாம்பிகை சமேதராக விளங்கும் இத்தலத்தின் மகோற்சவம் கொடியேற்றத்துடன் தொடங்கி நான்கு வாரம் நீடிப்பது. தேர்த் திருவிழாவின் பின், தமிழ் வழக்கில் மாயவனாறு எனப்படும் தெதுறு ஓயாவிலே தீர்த்தமாடுதலோடு அது நிறைவெய்தும்.

இத்தலத்தின் வரலாறு இக்கரையின் வரலாற்றைச் சுருக்கிக் காட்டுவது. 15ஆம் நூற்றாண்டிற் கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு இக்கோயிலுக்கு மானியம் அளித்தான். 1578ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். பின்னர்க் கண்டி வேந்தன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் அதனைப் புதுக்குவித்துக் குடமுழுக்குச் செய்வித்தது 1753ஆம் ஆண்டில். அதே ஆண்டிலேதான் அம்மன்னன் ஆதரவில், சீயத்திலிருந்து வந்த பிக்குகளின் துணையாற் பௌத்த உபசம்பதையும் கண்டியில் மீண்டும் நிலைநாட்டப் பெற்றது. ஒரே அரசன் ஒரே ஆண்டிற் சிவாலயத்தையும் புத்த சங்கத்தையும் புத்துயிர் பெறச் செய்தான் என்பதை அறிந்தோர், முன்னேசுவர வீதியிற் சிங்களப் பௌத்தர் பெருந்தொகையினராய்க் கைகூப்பி நிற்றலைக் கண்டு வியப்புறார்.

பலர் கூடி வழிபடும் இடத்திலே கருத்து வேறுபாடு எழுதலும் இயல்பே. முன்னேசுவரக் காளி கோயிலில் நேர்த்திக்கடனாக ஆடு, கோழி பலியிடும் வழக்கம் இருந்து வந்தது. 2011ஆம் ஆண்டில் அது தடுக்கப்பட்டது. விடயம் நீதிமன்றத்துக்கும் சென்றது. உயிர்க்கொலை தகாது என்ற அறக்குரல் ஒருபால் எழுந்தது. மரபில் அரசியலார் தலையிடலாமா என்ற வினா மறுபால் எழுந்தது. இவ்விரண்டையும் நடுநிலை நின்று ஆராய்தல் கற்றோர் கடன். விழா மாறாத பழம்பொருள் அன்று, காலந்தோறும் வழக்காடி உருவாவது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

புத்தள நகருக்குத் தெற்கே பாலாவிச் சந்தியிற் பிரியும் பாதை கற்பிட்டிக் குடாநாட்டுக்குச் செல்கின்றது. அவ்வழியிற் கடலை நோக்கி நிற்பது தலவில் ஆலயம். கன்னிமரியாளின் தாயாகிய அன்னம்மாளுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை குறித்த நாள் யூலை 26. அதனை ஒட்டி எழும் திருவிழாவுக்கு நாட்டின் பல பகுதிகளினின்றும் தமிழரும் சிங்களவரும் குடும்பத்தோடு வந்து, ஆலயச் சூழலிற் குடிலமைத்துத் தங்குவர். பிற சமயத்தாரும் நேர்த்திக்கடன் தீர்க்க வருவர். அன்னம்மாளின் திருவுருவத்தை இக்கரைக்குக் கொணர்ந்தவன் கடல்வழி வந்த அயல்நாட்டான் என்று கூறும் செவிவழிக் கதை உண்டு. கதையை வரலாறாகக் கொள்ளாவிடினும், ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் இக்கரை மக்கள் தம் சமயத்தைக் கைவிடாது காத்தனர் என்பது வரலாறே. கோவையிலிருந்து அன்று, இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள கோவாவிலிருந்து வந்து, மறைவாகப் பணிபுரிந்த யோசேவ் வாஸ் அடிகள் புத்தளத்தில் தங்கி, 1692ஆம் ஆண்டிற் கண்டியை அடைந்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பில் அவர் புனிதராகத் திருநிலைப்படுத்தப் பெற்றார்.

இங்ஙனம் மூன்று விழாக்களும் ஒரு பருவத்தில் அடங்க, முஸ்லிம்களின் பெருநாட்கள் மட்டும் இவ்வரம்புக்கு உட்படுவதில்லை. அவர்தம் நாட்காட்டி தூய சந்திர நாட்காட்டியாதலின், நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டளவிற் பருவம் அனைத்தையும் சுற்றி வருகின்றன. அவை கடல் அடங்கிய காலத்திலும் வரும். கொந்தளிக்கும் காலத்திலும் வரும். புத்தள நகரிலும் கற்பிட்டியிலும் முஸ்லிம்கள் பெருந்தொகையினராய் வாழ்தலின், அந்நாட்களில் அந்நகரங்களே விழாக்கோலம் பூணும். இந்நகரின் பழம்பெருமைக்குச் சான்று கூறுபவர் மொறோக்கோ நாட்டுப் பயணியாகிய இபின் பட்டூட்டா. 1344ஆம் ஆண்டில் இக்கரையில் இறங்கிய அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, அவர் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை செல்ல யோகியரையும் பிராமணரையும் வழித்துணையாக அனுப்பினான். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவருக்குச் சைவ மன்னன் துணை கூட்டி அனுப்பிய அச்செயலே, பிறர் விழாவுக்கும் மனமுவந்து செல்லும் இக்கரை வழக்கத்தின் பழைய சான்று எனலாம்.

பருவம் மாறிக் கடல் அடங்கியபின், நவம்பர் முதல் ஏப்பிரில் வரை கற்பிட்டிக் கடலில் ஓங்கில் மீன் கூட்டங்களையும் திமிங்கிலங்களையும் காணப் பயணிகள் வருகின்றனர். 1667 முதல் 1676 வரை ஒல்லாந்தர் கட்டிய கோட்டையும் அவ்வூரிலேயே உண்டு. ஆகவே இக்கரைக்கு வருவோர், திருவிழாக் காண்பதாயின் கச்சான் காலத்திலும், கடல் காண்பதாயின் மாரி முதல் இளவேனில் வரையிலும் வருதல் பொருத்தமாகும்.

இனிச் சிந்திக்கத்தக்கது, இவ்விழாக்களைத் தாங்கிய அடித்தளம் இன்றும் உறுதியாக உள்ளதா என்பது. இயந்திரப் படகுகள் பெருகியபின் பருவத்தின் கட்டுப்பாடு தளர்ந்தது. பல கரைகளிற் கரைவலைக் கயிற்றை மனிதர் கைக்கு மாறாக உழவு இயந்திரத்திற் பொருத்திய சுழலியே இழுக்கலாயிற்று. கை ஓய்ந்த இடத்தில், கைக்குத் தாளம் தந்த அம்பாப் பாடலும் ஓய்கின்றது. மொழியின் நிலையும் இத்தகையதே. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையில் ஒருகாலத்திற் தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, பள்ளியிலும் ஆலயத்திலும் மொழி மாறிய காரணத்தால் 20ஆம் நூற்றாண்டிற் சிங்களம் பேசுவோராயின. அம்மாற்றத்தில் எவரையும் குறைகூறுதல் பயனற்றது. ஆயின் அதே கரையில் உடப்புத் தமிழூராகவே நிலைத்தமைக்குக் காரணம் யாது என்று வினவுதல் பயனுடையது. பதினெட்டு நாளும் ஊர் முழுவதும் தமிழிலே பாரதம் கேட்டு, தமிழிலே வேண்டுதல் செய்து, தமிழ்ப் பாட்டோடு வலை இழுத்த வாழ்க்கைக்கு அதிற் பெரும்பங்கு உண்டு என்பதை மறுத்தல் அரிது. பள்ளிக்கூடம் கற்பிப்பது மொழியின் இலக்கணத்தை. விழா கற்பிப்பது மொழியை வழங்கவேண்டிய தேவையை.

ஆதலின் இவ்விழாக்களுக்குச் செல்வோர் வேடிக்கை காண்போராய் மட்டும் சென்று மீளுதல் போதாது. தணற்குழியருகே நிற்போர், நடப்பவரின் நோன்பை மதித்து ஒதுங்கி நிற்றல் வேண்டும்; ஆலய ஒழுங்குகளைக் கேட்டறிந்து ஒழுகுதல் வேண்டும். மாணவரோ ஒருபடி மேற்சென்று, முதியோர் நாவில் எஞ்சியுள்ள அம்பாப் பாடல்களையும், விழாச் சடங்குகளின் பெயர்களையும், அவற்றைச் செய்யும் குடும்பங்களின் உரிமை மரபுகளையும் எழுதியும் ஒலிப்பதிந்தும் பேணலாம். இதற்கு வழிகாட்டி இக்கரையிலேயே பிறந்திருக்கின்றார். 1807ஆம் ஆண்டிற் கற்பிட்டியிலே தோன்றிய சைமன் காசிச்செட்டி, 1834ஆம் ஆண்டில் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் விவரிக்கும் அகராதியொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859ஆம் ஆண்டிற் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்து அளித்தார். பல்கலைக்கழகம் எதுவும் இந்நாட்டில் இல்லாத காலத்தில் அரசாங்க உத்தியோகத்தின் இடையே அவர் அதனைச் செய்தார். இன்று கல்லூரிகளும் கருவிகளும் மலிந்துள்ளன. அடுத்த ஆடித் திங்களில் உடப்பு மணலில் ஒரு குறிப்பேட்டோடு சென்றமரும் மாணவன், அக்கற்பிட்டிப் பெரியார் தொடங்கிய பணியையே தொடர்பவனாவான்.