உயிரோடு திமிங்கிலம் பார்த்ததுண்டா?

2016ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பொங்கலுக்கு இன்னும் மூன்று நான்கு நாள்தான் இருந்தது. திருச்செந்தூர், உடன்குடி, குலசேகரன்பட்டினம் பக்கத்திலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்து ஆண்டாப் ஹில், தாராவி பகுதிகளில் குடியிருப்பவர்கள் ஏராளம். பொங்கல் சமயத்தில் ஊரிலிருந்து போன் வந்தால், வாழைத்தார் என்ன விலை, யார் யார் வந்திருக்கிறார்கள் என்பதுதான் பேச்சாக இருக்கும். அந்த ஆண்டு பேச்சே வேறு.

திமிங்கிலம் கரை ஒதுங்கிவிட்டது! ஒன்றல்ல, இரண்டல்ல. எண்பதுக்கும் மேல்!

ஆலந்தலை முதல் கல்லாமொழி, மணப்பாடு வரை பல மைல் நீளக் கடற்கரையில் கருப்புக் கருப்பாகக் கிடந்தன. சில செத்துவிட்டன. சில வாலை அடித்துக்கொண்டு, தலைக்கு மேலுள்ள துளை வழியாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு கிடந்தன. மீனவர்கள் விடிய விடிய உழைத்தார்கள். கயிறு கட்டிப் படகில் இழுத்து ஆழ்கடலில் கொண்டுபோய் விட்டார்கள். விட்டுவிட்டு வந்த மீனவர்கள் முகம் கழுவி முடிப்பதற்குள், விட்டவற்றில் பல திரும்பவும் அதே கரைக்கு வந்து படுத்துக்கொண்டன. பாதிக்கு மேல் இறந்தன. கடைசியில் மண் அள்ளும் எந்திரத்தைக் கொண்டுவந்து பெரிய பள்ளம் தோண்டி அந்தக் கரையிலேயே புதைத்தார்கள்.

முன்பும் ஒரு பொங்கல்

அந்தக் கடற்கரையில் வயதானவர்கள் இதைக் கேட்டு அவ்வளவாக அதிசயப்படவில்லை. காரணம், அவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். 1973ஆம் ஆண்டு ஜனவரி 14ந் தேதி இதே மன்னார் வளைகுடாக் கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. அதுவும் இதே இனம்தான். அதுவும் பொங்கலை ஒட்டித்தான். நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில் அதே மாதம், அதே வாரம், அதே கரை!

இந்த இனத்துக்கு "வழிகாட்டித் திமிங்கிலம்" என்று பொருள்படும் பெயரை வெள்ளைக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று முன்னே போக மற்றவை பின்னே போகும் என்பதால் அந்தப் பெயர். உண்மையில் இது ஓங்கல் குடும்பத்தைச் சேர்ந்தது. தாய், பிள்ளை, பேரப்பிள்ளை என்று கூட்டுக் குடும்பமாக வாழும். ஒலி எழுப்பி, அது மோதித் திரும்பி வருவதைக் கேட்டுத்தான் இவை கடலில் வழி அறிகின்றன. மெல்ல மெல்லச் சரிந்து வரும் மணல் கரையில் அந்த ஒலி சரியாகத் திரும்புவதில்லை. முன்னே போனது தவறினால் பின்னே வருவதும் தவறும்.

கரையில் கிடப்பது குரல் கொடுக்கும். அதை விட்டுவிட்டு மற்றவை போகமாட்டா. இழுத்து விட்டவை திரும்பி வந்ததற்கு அறிவியல் அறிஞர்கள் கூறும் காரணங்களில் முக்கியமானது இதுதான். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு 1,500 கிலோ மீட்டருக்கு அப்பால் வேலை பார்ப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தண்ணீரில் மிதக்கும்வரை திமிங்கிலத்துக்குத் தன் எடை தெரியாது. தரையில் கிடந்தால் அந்த எடையே நெஞ்சை அழுத்தும். வெயிலில் தோல் வெடிக்கும். உடம்புக்குள் இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் வெந்து சாகும். மீன் போல நீரில்லாமல் சாவதில்லை. அது மீனே அல்ல. நம்மைப் போல் காற்றை மூச்சாக இழுத்து, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி.

மும்பையிலும் வந்தது

அதே 2016 ஜனவரி முடிவதற்குள், 28ந் தேதி இரவு, மும்பை ஜூஹு கடற்கரையில் முப்பது அடிக்கும் மேலான ஒரு திமிங்கிலத்தின் உடல் ஒதுங்கியது. மறுநாள் பார்க்கப் போன கூட்டம் சாதாரணக் கூட்டமல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, 2015 ஜூனில், அலிபாக் அருகே ரேவ்தண்டாவில் ஒரு நீலத் திமிங்கிலம் உயிரோடு கரை தட்டியது. ஊர் மக்களும் வனத்துறையினரும் தள்ளிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. இறந்துவிட்டது.

இப்படித்தான் நம்மில் பெரும்பாலோர் திமிங்கிலத்தைப் பார்த்திருக்கிறோம். செத்த பிறகு, அல்லது சாகும்போது. அதுவும் இல்லையென்றால் சென்னை எழும்பூர் மியூசியத்தில் எலும்புக்கூடாக. உயிரோடு, கடலில், தன் வீட்டில் அது எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பனிக்கடலில் படகுப் பயணம்

பணம் உள்ளவர்கள் அதைப் பார்க்க பூமியின் உச்சிக்கே போகிறார்கள். நார்வே நாட்டின் வடகோடியில் திராம்சோ என்றொரு ஊர் இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே. நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே நம் மத்தியைப் போன்ற ஹெர்ரிங் என்ற மீன் கோடிக்கணக்கில் மலையிடுக்குக் கடலுக்குள் ஒதுங்கும். அதைத் தின்னக் கூனல் திமிங்கிலமும், கருப்பும் வெள்ளையுமான ஓர்க்கா என்ற கொலைத் திமிங்கிலமும் கூட்டமாக வரும். அவற்றைப் பார்க்க மனிதர்கள் வருவார்கள்.

பெரிய கப்பலில் நூற்றுக்கணக்கில் போவதும் உண்டு. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே ஏறும் சின்னப் படகைத்தான் தேடுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. சின்னப் படகு தண்ணீருக்கு அருகே இருக்கும். என்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா மிதக்கலாம். ஓட்டுகிறவர் நீருக்குள் ஒரு மைக்கை இறக்கினால் திமிங்கிலம் எழுப்பும் சத்தத்தை எல்லோரும் கேட்கலாம்.

ஏறுவதற்கு முன் காலிலிருந்து கழுத்துவரை மூடும் தடித்த உடுப்பைக் கொடுப்பார்கள். குளிர் தாங்க மட்டுமல்ல, கவிழ்ந்தால் மிதப்பதற்கும் அதுதான். அந்த நீரில் உடுப்பில்லாமல் விழுந்தவர் சில நிமிஷங்களிலேயே கை கால் விறைத்துப்போவார். நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதே கிடையாது! நண்பகலில் சிறிது நேரம் அந்திபோல ஒரு நீல வெளிச்சம் வரும். அதற்குள் போய்த் திரும்பவேண்டும். இவ்வளவு செலவு செய்து போயும் ஒன்றுகூடத் தென்படாமல் திரும்புகிறவர்கள் உண்டு. கடலுக்கு யாரும் உத்தரவு போட முடியாதல்லவா!

இன்னும் வடக்கே ஸ்வால்பார்டு தீவுகள். இந்தியாவும் அங்கே 2008ல் "ஹிமாத்ரி" என்ற ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தது. சுற்றுலாக் கூட்டம் பெருகிவிட்டதால், அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் வரக்கூடாது என்று 2025 ஜனவரி முதல் நார்வே விதித்துவிட்டது.

வருஷம் முழுவதும் பனிக்கடலை விட்டுப் போகாத திமிங்கிலங்கள் மூன்றே இனம்தான். வெள்ளை வெளேரென்ற பெலூகா. ஈட்டி போல் ஒற்றைப் பல் நீண்ட நார்வால். வில் போல வளைந்த தலையுள்ள போஹெட். போஹெட் இருநூறு ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. 2007ல் அலாஸ்காவில் பிடிபட்ட ஒன்றின் உடம்பில் 1890 வாக்கில் செய்யப்பட்ட வேட்டை ஈட்டியின் துண்டு இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் அந்த இரும்பைச் சுமந்துகொண்டு அது நீந்தியிருக்கிறது.

ஒரு வேடிக்கை என்னவென்றால், டிக்கெட் வாங்கிக்கொண்டு திமிங்கிலத்தைக் காட்டும் அதே நார்வே நாட்டில் மிங்கி என்ற சிறிய இனத்தை இன்றும் வேட்டையாடுகிறார்கள். வர்த்தக வேட்டைக்கு 1986 முதல் உலகத் தடை இருக்கிறது. நார்வே அதற்குக் கட்டுப்படவில்லை.

துருவத்துக்குப் போகாத ஒரு கூட்டம்

கூனல் திமிங்கிலம் உலகமெங்கும் கோடையில் துருவக் கடலுக்குப் போய்த் தின்று கொழுத்து, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். ஆனால் அரபிக்கடல் கூட்டம் மட்டும் எங்கும் போவதில்லை. நம் பருவமழைக் காற்று ஓமன் கரையில் கடலைக் கலக்கி அடியிலுள்ள சத்தை மேலே கொண்டுவருவதால் இங்கேயே அதற்குத் தீனி கிடைக்கிறது. மும்பைக்கு மழை கொண்டுவரும் அதே காற்றுதான்!

இந்தக் கூட்டத்தில் இப்போது மிச்சமிருப்பவை நூறுகூட இருக்காது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1966 நவம்பரில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இங்கே வந்து, யாருக்கும் கணக்குக் காட்டாமல், இருநூறுக்கு மேல் கொன்று தள்ளின. அந்தக் கணக்கு சோவியத் நாடு உடைந்த பிறகுதான் வெளியே வந்தது.

2017 கடைசியில் ஓமன் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு பெண் திமிங்கிலத்தின் முதுகில் செயற்கைக் கோள் கருவியைப் பொருத்தி விட்டார்கள். அதன் பெயர் லுபான். அரபு மொழியில் குந்திரிக்கம் என்று பொருள். அது ஓமனிலிருந்து நேராக அரபிக்கடலைக் கடந்து கோவா பக்கம் வந்து, கரையோரமாகவே இந்தியாவின் தென்கோடி வரை போய், மறுபடி ஓமனுக்குத் திரும்பிவிட்டது. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் போகிறவர்கள் அந்தச் சமயத்தில் தங்களுக்கு மேற்கே யார் போய்க்கொண்டிருந்தார் என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

கேட்டால் வாங்காதீர்கள்

திமிங்கிலத்தைப் பற்றி எழுதும்போது அம்பரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் மெழுகு போன்ற கட்டி அது. வாசனைத் திரவியத் தொழிலில் பெரும் விலை. கிலோ ஒரு கோடி என்று போலீசாரே வழக்குகளில் மதிப்பிடுகிறார்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளிலும் மும்பையிலும் இதற்காகக் கைதாகும் செய்தி அடிக்கடி வருகிறது. கைதாகிறவர்கள் பெரும்பாலும் முதலாளிகள் அல்ல. பையைத் தூக்கி வந்தவர்கள்!

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கிலம் இருக்கிறது. கரையில் தானாகக் கிடந்ததை எடுத்தேன் என்றாலும் செல்லாது. வைத்திருப்பதே குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. ஊருக்குப் போய் வருகிறவரிடம், "தம்பி, இந்தப் பொட்டலத்தை மட்டும் மும்பையில் கொடுத்துவிடு" என்று யாராவது நீட்டினால், அண்ணன் தம்பி உறவாக இருந்தாலும் கை நீட்டாமல் இருப்பதே நல்லது.

பக்கத்தில் எங்கே?

உலகிலேயே பெரிய பிராணியான நீலத் திமிங்கிலத்தை உயிரோடு காண நார்வே போகவேண்டியதில்லை. இலங்கையின் தென்கரையில் மாத்தறை அருகே மிரிச என்ற ஊரிலிருந்து நவம்பர் முதல் ஏப்ரல் வரை படகுகள் போகின்றன. கிழக்கே திருகோணமலையிலும் காட்டுகிறார்கள். நூறு அடி வரை வளரும் அது. நம் லோக்கல் ரயில் பெட்டி ஒன்றரையை நீட்டி வைத்தால் அவ்வளவு நீளம்!

ஆனால் மிரிசவில் ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சுற்றி வளைத்துத் துரத்துவதாகப் புகார் உண்டு. பெரிய கப்பல் பாதையும் அங்கேதான் போகிறது. மோதிச் சாகின்றன. உலகின் பெரிய சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்று 2022ல் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளிப் போகச் சொல்லிவிட்டது.

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு மால்வண் இருக்கிறது. மும்பையிலிருந்து மாண்டவி எக்ஸ்பிரசிலோ கொங்கண்கன்யாவிலோ ஏறி குடால் ஸ்டேஷனில் இறங்கினால் அங்கிருந்து பஸ். தார்க்கர்லி, மால்வண் கரையில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு படகை அமர்த்திக்கொண்டு விடிகாலையில் போனால் பெரும்பாலும் ஓங்கல் பார்க்கலாம். அதே சிந்துதுர்க் கடலில் 2015ல் நீலத் திமிங்கிலத்தைக் கண்டதாக கொங்கண் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அங்குள்ள மீனவர்களும் இப்போது மாறிவருகிறார்கள். வலையில் சிக்கிய பாதுகாக்கப்பட்ட கடல் பிராணியை வலையை அறுத்து விடுவித்தால், அறுந்த வலைக்கு 25 ஆயிரம் ரூபாய் வரை மராட்டிய அரசு நஷ்ட ஈடு தருகிறது. விடுவித்ததைப் படம் எடுத்துக் காட்டவேண்டும். மும்பையில் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

மால்வண் போகிறவர்கள் அக்டோபருக்குப் பிறகு, மே மாதத்துக்குள் போகவேண்டும். மழை இறங்கிவிட்டால் படகுகளைக் கரையில் ஏற்றி ஓலை போட்டு மூடிவிடுவார்கள். படகில் ஏறியதும் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கிட்டே போகச் சொல்லிப் படகோட்டியை நச்சரிக்காதீர்கள். என்ஜினை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தால் அதுவே வரும்.