ஸ்கேனும் அறுவையும் ஒரே அறையில்

லண்டனின் பிளேஸ்டோ பகுதியில் கிளென் சாலையில் நியூஹாம் பல்கலைக்கழக மருத்துவமனை இருந்தும், அவ்வட்டாரத்தில் சாலை விபத்திலோ கத்திக்குத்திலோ உயிருக்கு ஆபத்தான காயம் அடைந்தவர்களை, மூச்சுப்பாதை அடைபடுவது போன்ற உடனடி நெருக்கடி இருந்தாலன்றி, ஆம்புலன்ஸ் பணியாளர்கள் அங்கே இறக்குவதில்லை. ஒயிட்சேப்பலில் உள்ள ராயல் லண்டன் மருத்துவமனைக்கே நேராகக் கொண்டுசெல்கிறார்கள். லண்டனின் கடுங்காயச் சிகிச்சை 2010-இல் நான்கு பெருமையங்களைச் சுற்றி ஒழுங்கமைக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றாக அமைந்தது அம்மருத்துவமனை. தெருவில் வீணாகும் நேரத்தை இவ்வேற்பாடு குறைத்தது. ஆனால், மருத்துவமனைக்குள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நோயாளியைத் தள்ளிச்செல்வதில் கழியும் நேரம் எங்கும் உள்ள சிக்கலாகவே நீடிக்கிறது. அந்த நேரத்தையும் மீட்கும் நோக்கத்துடன், படமெடுக்கும் கருவிகளையும் அறுவை அரங்கையும் ஒரே அறைக்குள் கொண்டுவருவதே கலப்பு அரங்கு எனப்படும் அமைப்பு.

வழக்கமான முறையில் நோயாளி முதலில் அவசரப் பிரிவிலும், பின்னர் சி.டி. ஸ்கேன் அறையிலும், அதன்பின் அறுவை அரங்கிலோ ரத்தக்குழாய்ப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் அறையிலோ கிடத்தப்படுகிறார். ஒவ்வொரு நகர்விலும் செயற்கைச் சுவாசக் கருவி, ரத்தம் ஏற்றும் குழாய்கள், கண்காணிப்புத் திரை ஆகியவற்றைக் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதோடு, உள்ளே கசியும் ரத்தமும் நின்றபாடில்லை. ரத்தம் இழக்கும் உடல் குளிர்கிறது; திசுக்களுக்கு ஆக்சிஜன் குறைவதால் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது; இவ்விரண்டும் ரத்தம் உறையும் இயல்பைக் கெடுப்பதால் கசிவு மேலும் பெருகுகிறது. கடுங்காயமுற்றோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு, மருத்துவமனையை அடையும்போதே உறைதல் குலைந்திருந்தது என்பதை ராயல் லண்டனின் கரீம் புரோகியும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இக்கசிவை நிறுத்த இரு வழிகள் உண்டு. ஒன்று, வயிற்றைத் திறந்து அறுவை மருத்துவர் நேரடியாகக் கட்டுவது. மற்றொன்று, தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாகக் கேத்தீட்டர் எனப்படும் மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் கிளையை உலோகச் சுருளாலோ ஜெலட்டின் துகளாலோ கதிரியக்க மருத்துவர் அடைப்பது. மண்ணீரல் சிதைந்து இடுப்பெலும்பும் நொறுங்கிய ஒருவருக்கு முதல் காயத்துக்கு அறுவையும் இரண்டாவதற்குக் கேத்தீட்டரும் தேவைப்படலாம். அறைகள் தனித்தனியாக இருக்கும்போது எதை முதலில் செய்வது என்று மருத்துவர் தேர்ந்தெடுக்க நேர்கிறது, தேர்வு தவறினால் உயிரே போகிறது. கலப்பு அரங்கின் மெய்யான மதிப்பு, வேகத்தைக் காட்டிலும், இந்தக் கொடிய தேர்வை நீக்குவதில்தான் இருக்கிறது: ஒரே மேசையில் இரு குழுக்களும் அடுத்தடுத்தோ, சில வேளைகளில் ஒரே நேரத்திலோ பணியாற்ற முடிகிறது.

இதற்காக மேசை, எக்ஸ் கதிர்கள் தடையின்றி ஊடுருவும் கார்பன் இழையால் செய்யப்படுகிறது. சுவர்களும் கதவுகளும் ஈயத்தால் காப்பிடப்படுகின்றன. காற்று, அறுவை அரங்குக்குரிய தூய்மையுடன் வடிகட்டப்படுகிறது. பல அரங்குகளில் நோயாளியைச் சுற்றி வளையும் சி வடிவக் கருவி மட்டுமே இருக்கும். ஜப்பானின் ஒசாகா பொது மருத்துவ மையமோ 2011-இல் ஒரு படி மேலே சென்று, சி.டி. கருவியையே அவசரப் பிரிவு அறைக்குள் கொண்டுவந்து, ஆம்புலன்சிலிருந்து இறக்கப்படும் நோயாளி நேராக அந்த மேசையிலேயே கிடத்தப்படுமாறு அமைத்தது. 1971-இல் லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. படம் தலையின் ஒரு குறுக்குவெட்டுக்கே சில நிமிடங்கள் பிடித்த நிலையிலிருந்து, இன்று முழு உடலையும் ஒரு நிமிடத்துக்குள் படமெடுக்க முடிவதனாலேயே இவ்வமைப்பு சாத்தியமானது.

ஒசாகா குழு 2019-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஸ்கேன் தொடங்கும் நேரம் 26 நிமிடத்திலிருந்து 11 நிமிடமாகவும், அவசரச் சிகிச்சை தொடங்கும் நேரம் 68-லிருந்து 47 நிமிடமாகவும் குறைந்தன. 28 நாட்களுக்குள் இறந்தோர் விகிதம் 22 விழுக்காட்டிலிருந்து 15 ஆனது. எனினும் இது அறை அமைக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் வந்த நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வாதலால், இடைக்காலத்தில் மேம்பட்ட பிற சிகிச்சைகளின் பங்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு, உடனடியாக முழு உடல் ஸ்கேன் எடுத்தோரிடமும் வழக்கமான முறையில் பரிசோதிக்கப்பட்டோரிடமும் இறப்பு ஒரே அளவில் இருந்ததைக் கண்டது. விரைந்து படமெடுத்தல் மட்டும் போதாது, படத்தைப் பார்த்த மாத்திரத்தில் செயல்படும் கைகளும் அங்கேயே இருக்க வேண்டும் என்று இவ்விரு முடிவுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது கருத இடமுண்டு.

அந்தக் கைகளைத் திரட்டுவதே கருவி வாங்குவதைவிடக் கடினமானது. திட்டமிட்ட ரத்தக்குழாய் அறுவைகளுக்காகக் கட்டப்பட்ட கலப்பு அரங்கு, கடுங்காய நோயாளி வரும் வேளையில் வேறொருவரின் சிகிச்சையில் இருக்கலாம். கேத்தீட்டர் செலுத்தும் மருத்துவர் இரவில் அழைப்பின்பேரில் வீட்டிலிருந்து வருபவராகவும் இருக்கலாம். அவர் வந்துசேர அரைமணி நேரம் ஆகுமாயின், ஒசாகாவில் மிச்சமான 21 நிமிடங்களும் அவருக்காகக் காத்திருப்பதிலேயே கழிந்துவிடும்.